ஐயாயிரம் ரூபாய்த் தாயகம்

'தாயகம் திரும்பியோர்' என்பது அரசாங்கம் எங்களுக்கு வைத்த பெயர். ரேஷன் கார்டு வாங்கப் போனாலும், கடன் நோட்டீஸ் வந்தாலும், பிள்ளையைப் பள்ளிக்கூடத்தில் சேர்க்கப் போனாலும் இந்தப் பெயர்தான் எங்களுக்கு முன்னால் போய் நிற்கும். ஊர்க்காரர்கள் இவ்வளவு நீளமாகச் சொல்லிக் கஷ்டப்படுவதில்லை. 'சிலோன்காரன்' என்று முடித்துவிடுவார்கள். சிலோனில் இருந்தவரைக்கும் 'கள்ளத்தோணி', 'தோட்டக்காட்டான்', 'இந்தியாக்காரன்'. எங்கே இருந்தோமோ அந்த மண்ணின் பெயரை மட்டும் யாரும் எங்களுக்கு வைத்ததில்லை.

திரும்பியோர் என்கிறார்களே, போனவர்தானே திரும்ப முடியும்? என் அம்மாயி பிறந்தது ஹட்டனுக்கு மேலே ஒரு தோட்டத்து லயத்தில். அவளைப் பெற்றவள் பிறந்ததும் அதே லயத்தில்தான். போனது அம்மாயியின் தாத்தா. அவரும் சீமை பார்க்கப் போகவில்லை. துறையூருக்குக் கிழக்கே ஒரு மானாவாரிக் கிராமத்தில் ஆண்டையிடம் பண்ணையாளாகக் கிடந்தவர், பஞ்சம் ஒரு பக்கம், அடி ஒரு பக்கம் தாங்காமல் கங்காணி கொடுத்த முன்பணத்தை வாங்கிக்கொண்டு ராத்திரியோடு ராத்திரியாக ஓடினவர். பண்ணையை விட்டு ஓடிய பறையனின் பேத்தியை, பெரிய குடும்பத்தோடு, அதே பண்ணை இருக்கிற ஊருக்கே கூட்டிக்கொண்டுவந்து விட்டுவிட்டு 'தாயகம்' என்று பெயர் வைத்தால் அது யாருடைய தாயகம்? சேரிக்கும் ஊருக்கும் ஒரே தாயகம் என்று டில்லியில் இருந்து பார்த்தால் தெரியும்போல.

கதையைக் கொஞ்சம் முன்னால் இருந்து சொல்ல வேண்டும். 1947 தேர்தலில் இலங்கைத் தோட்டத் தொழிலாளர்கள் தங்கள் ஓட்டால் 7 பேரை நாடாளுமன்றத்துக்கு அனுப்பினார்கள். அடுத்த வருஷமே, சுதந்திரம் வந்த கையோடு, 1948ஆம் ஆண்டின் 18ஆம் எண் குடியுரிமைச் சட்டம் வந்தது. அதோடு பத்து லட்சம் சனம் நாடற்றவர்கள். 1949இல் இன்னொரு சட்டம் போட்டு, 'வேணும்னா மனுப் போடு' என்றார்கள். 8 லட்சத்துக்கும் மேற்பட்டவர்களுக்காக மனுப் போட்டதில் சுமார் 1,34,000 பேருக்குத்தான் கிடைத்தது. இவர்கள் இலங்கையின் மக்கள், நாங்கள் பொறுப்பாக முடியாது என்பது நேருவின் நிலை. 1964 மே மாதம் அவர் செத்துப்போனார். அக்டோபர் 30ஆம் தேதி லால்பகதூர் சாஸ்திரியும் சிறிமாவோ பண்டாரநாயக்காவும் கையெழுத்துப் போட்டுவிட்டார்கள். 1962 சீனச் சண்டைக்குப் பிறகு அக்கம்பக்கத்து நாடுகளோடு நல்ல பேர் எடுக்க வேண்டிய அவசரம் டில்லிக்கு.

ஒப்பந்தத்தில் இருப்பது முழுக்கக் கணக்கு. மொத்தம் 9,75,000 உருப்படி. இந்தியா எடுத்துக்கொள்வது 5,25,000. இலங்கை வைத்துக்கொள்வது 3,00,000. அதாவது 7 பேர் இந்தியாவுக்கு என்றால் 4 பேருக்கு அங்கே குடியுரிமை. மிச்சம் 1,50,000 பேரை அப்புறம் பார்த்துக்கொள்ளலாம் என்று விட்டு, 1974இல் இந்திராவும் சிறிமாவோவும் ஆளுக்கு 75,000 என்று பாதியாகப் பிரித்துக்கொண்டார்கள். மாட்டுச் சந்தையில் தரகன் துண்டைப் போட்டு மூடி விரலைப் பிடிக்கிற மாதிரி. சந்தையில் மாட்டையாவது பல்லைப் பிடித்துப் பார்ப்பார்கள். இங்கே தோட்டத் தொழிலாளி ஒருவரைக்கூடக் கூப்பிட்டுக் கேட்கவில்லை. அதே 1974இல்தான் கச்சத்தீவும் கைமாறியது. கச்சத்தீவுக்குத் தமிழ்நாட்டில் இன்றைக்கும் தேர்தலுக்குத் தேர்தல் மேடை உண்டு. ஆள் குடியிருக்காத தீவு அது. ஒன்றரை லட்சம் மனுசரைப் பங்கு போட்டதற்கு ஒரு மேடையும் கிடையாது. தோட்டத்துச் சனத்தில் பெரும்பான்மை பள்ளர், பறையர், சக்கிலியர் என்பதை இதோடு சேர்த்து யோசித்துக்கொள்ளலாம்.

விருப்பப்பட்டு மனுப் போட்டவர்கள்தான் வந்தார்கள் என்று எழுதுகிறவர்கள் இருக்கிறார்கள். என் அம்மாயியின் விருப்பத்தைச் சொல்கிறேன். 1973, 74இல் தோட்டங்களில் பஞ்சம். கூப்பன் அரிசியைக் குறைத்தார்கள், மாவைக் குறைத்தார்கள், வேலை நாளையும் குறைத்தார்கள். லயத்துக்கு லயம் பிணம் விழுந்தது. தாத்தா இந்தியாவுக்குப் பேர் பதிந்து வைத்திருந்தார். ஆனால் கிளம்புகிற எண்ணம் இல்லை. "ஒரு நா கொழுந்து மலையில மயக்கம் போட்டு விழுந்தேன். பக்கத்து நெரையில எடுத்துக்கிட்டிருந்தவ வந்து தூக்குனா. மறுவாரம் அவ செத்துப்போனா. அதுக்கப்புறம் உங்க தாத்தன்கிட்ட போவோம்னு சொன்னேன். எங்க போறோம்னு நா கேக்கல" என்பாள். இதுதான் விருப்பம்.

இந்தியாவுக்கு ஆளை ஏற்றிக்கொண்டு தலைமன்னாருக்குப் போன ரயிலை மலையகத்துச் சனம் 'அழுகைக் கோச்சி' என்றுதான் சொன்னது. தலைமன்னாரில் கப்பல், ராமேஸ்வரத்தில் இறக்கம், அங்கிருந்து மண்டபம் முகாம். வெள்ளைக்காரன் காலத்தில் சிலோன் தோட்டங்களுக்குப் போகிற கூலிகளை அடைத்து வைத்து, நோய் இருக்கிறதா என்று பார்த்து அனுப்பியதும் இதே மண்டபத்தில்தான். போனபோது அடைத்த கொட்டகை, வந்தபோதும் அடைத்தது.

குடியேற்றம் ஒரு மேசை, மறுவாழ்வு உதவி ஒரு மேசை, சுங்கம் ஒரு மேசை என்று டில்லியில் பிரித்து வைத்திருந்தார்கள். எங்கள் வீட்டில் மூன்றும் ஒரே டிரங்குப் பெட்டிக்குள்தான் இருந்தன. ஒரு குடும்பம் தன் சொத்தைக் கொண்டுபோக விடுவதற்கான உச்சவரம்பை 4,000 ரூபாய்க்குக் கீழே குறைக்கக் கூடாது என்று ஒப்பந்தத்திலேயே எழுதினார்கள். நல்ல ஏற்பாடுதான். கொண்டுபோக என்ன இருந்தது என்று கேட்கத்தான் மறந்துவிட்டார்கள். தாத்தாவின் சேமலாப நிதிப் பணம் கிளம்புகிற நாளில் கைக்கு வரவில்லை. கையில் இருந்த காசுக்குச் சேலை, சோப்பு, கிராம்பு, ஏலம் என்று வாங்கிப் பெட்டியில் அடைத்துக்கொண்டு வந்தார்கள். இந்தியாவில் நல்ல விலைக்குப் போகும் என்று யாரோ சொல்லியிருந்தார்கள். நல்ல விலைக்குத்தான் போனது, வாங்கி விற்றவனுக்கு. சுங்கத்தில் கொஞ்சம், முகாம் வாசலில் காத்துக்கொண்டிருந்த தரகனிடம் கொஞ்சம் என்று மூன்று நாளில் பெட்டி காலி. பெட்டியையும் கேட்டானாம் ஒருத்தன். அம்மாயி கொடுக்கவில்லை. இன்னும் எங்கள் வீட்டில் இருக்கிறது.

அந்தப் பெட்டிக்குள் இப்போதும் இருக்கிற ஒரு காகிதம்தான் குடும்ப அட்டை. கண்டியில் இருந்த இந்தியத் தூதரகக் கிளையில் கொடுத்தது. எந்தக் குடும்பம் எந்த மாவட்டத்துக்குப் போக வேண்டும், அதற்கு என்ன உதவி என்று அதிலேயே எழுதிவிடுவார்கள். எங்கள் அட்டையில் எழுதியிருந்தது: வியாபாரக் கடன்.

இந்த இடத்தில் கொஞ்சம் நிற்க வேண்டும். நாலு தலைமுறையாகத் தேயிலை நட்டு, கவ்வாத்து வெட்டி, கொழுந்து கிள்ளின சனம். வேறு தொழில் தெரியாது. அவர்களுக்குத் தேயிலைத் தோட்டத்தில் வேலை என்பது சிலருக்கு மட்டும்தான். தமிழ்நாட்டில் அரசுத் தேயிலைத் தோட்டம், கன்னியாகுமரியில் ரப்பர், நூல் ஆலைகள், கர்நாடகத்தில் சுள்ளியா, புத்தூர்ப் பக்கம் ரப்பர், கேரளத்தில் புனலூர். இதில் எல்லாம் சேர்க்க முடிந்தவர்கள் போக, வந்த குடும்பங்களில் பெரும்பாலானவற்றுக்கு வியாபாரக் கடன். 5,000 ரூபாய். கொடுக்கிறவனுக்குச் சுலபம். நிலம் தேட வேண்டாம், ஆலை கட்ட வேண்டாம். காசைக் கொடுத்துக் கையெழுத்து வாங்கினால் ஒரு குடும்பத்துக்கு மறுவாழ்வு முடிந்தது என்று பேரேட்டில் ஏறிவிடும்.

"கொழுந்து எடுக்கத் தெரிஞ்சவ கையில தராசக் குடுத்து யாவாரம் பண்ணுன்னா, அவ என்னத்த நிறுப்பா?" இது அம்மாயி கேட்டது.

ஆனால் தொழில் தெரியாததுதான் காரணம் என்று நானும் ஒப்புக்கொள்ள மாட்டேன். தாத்தாவுக்கு ஒரு தொழில் நன்றாகத் தெரிந்திருந்தது. தேத்தண்ணி ஊற்றுவது. தோட்டத்தில் தொரை பங்களாவில் கொஞ்ச காலம் சமையல் அப்புவாக இருந்தவர். எந்தத் தூளுக்கு எவ்வளவு கொதி, எவ்வளவு நேரம் ஊற விட வேண்டும் என்று அவருக்கு மனப்பாடம். மற்றவர்கள் மளிகைக் கடை, துணிக் கடை என்று விழிபிதுங்கி நின்றபோது, அவர் டீக்கடை வைக்கிறேன் என்றார். பிரித்துப் பிரித்துக் கையில் வந்த கடனில் ஒரு பாய்லர், இரண்டு டஜன் கண்ணாடி கிளாஸ், ஒரு பெஞ்சு, கீத்துக் கொட்டகை. பஸ் நிற்கிற இடத்துக்குப் பக்கத்தில், ஊர்த்தெரு முனையில் போட்டார். சேரியில் பங்காளிகள் வேண்டாம் என்றார்களாம். இவர் கேட்கவில்லை. சிலோனில் வளர்ந்தவருக்கு அந்த இடத்தின் அர்த்தம் தெரியவில்லை.

ரெண்டு நாள் நல்ல வியாபாரம். பஸ்ஸுக்கு நின்ற வெளியூர் ஆட்கள் குடித்தார்கள். டீ பிரமாதம் என்றார்கள். மூணாம் நாள் ஊர்க்காரர் ஒருவர் வந்து, குடித்துக்கொண்டிருந்தவர்கள் காதில் படுகிற மாதிரி, "சிலோன்ல இருந்து வந்தாலும் காலனி ஆளுதானே இவன்" என்று சொல்லிவிட்டுப் போனார். அவ்வளவுதான். அடிக்கவில்லை, கொட்டகையைப் பிய்க்கவில்லை. பாதி குடித்த கிளாசைப் பெஞ்சில் வைத்துவிட்டு எழுந்தார்கள். அதற்கு அப்புறம் பஸ்ஸுக்கு நிற்கிறவர்களைக்கூட யாராவது கூப்பிட்டுச் சொல்லிவிடுவார்கள். ஊரில் இருந்த இன்னொரு டீக்கடையில் நம் சனத்துக்குத் தனி கிளாஸ், வெளியே நின்றுதான் குடிக்க வேண்டும். அந்தக் கடையில் கூட்டம். தாத்தா பாய்லரைத் தூக்கிக்கொண்டு சேரிக்குள் வந்தார. அங்கே குடிக்க ஆள் உண்டு, காசு கிடையாது. எல்லாம் கணக்கில். நாலாவது மாசம் பாய்லரை விற்றார்.

"வெள்ளக்காரத் தொரை குடிச்சான் அந்தக் கையால. இவனுகளுக்குத் தீட்டாம்."

அம்மாயி இதைச் சொல்லும்போது கோபத்தைவிட ஆச்சரியம்தான் அதிகம் இருக்கும். லயத்தில் சாதி இல்லை என்று நான் சொல்ல வரவில்லை. கங்காணிமார் பெரும்பாலும் மேல்சாதி. குடியானவன் லயம் தனி, நம்ம லயம் தனி, கல்யாணம் காட்சி எல்லாம் தனித்தனி. மலையகத்தைச் சொர்க்கமாக எழுதுகிறவர்களோடு எனக்குச் சண்டை உண்டு. ஆனால் கொழுந்து நிறுக்கிற இடத்தில் எல்லாருக்கும் ஒரே தராசு, பிரட்டுக்களத்தில் ஒரே வரிசை. நீ ஊற்றினதை நான் குடிக்க மாட்டேன் என்று ஒரு வியாபாரத்தையே சாகடிக்கிற பலம் அங்கே சாதிக்கு இல்லை. கிராமத்தில் அது இருந்தது. கடன் திட்டம் எழுதின அதிகாரிகளில் ஒருவருக்குக்கூட, ஒரு பறையன் கடை வைத்தால் அந்த ஊரில் வாங்குகிறவன் யார் என்ற கேள்வி வரவில்லையா? கிராமம் தெரியாதவர்கள் இல்லை அவர்கள். அநேகமாக அவர்கள் வீட்டிலேயே தனி கிளாஸ் இருந்திருக்கும்.

கடை போனது, கடன் போகவில்லை. பத்து வருஷம் கழித்தும் நோட்டீஸ் வந்தது. அதற்குள் குடும்பம் மலை ஏறிவிட்டது. சமவெளியில் குப்பை கொட்ட முடியாத ஆயிரக்கணக்கான குடும்பங்கள் அப்படித்தான் கூடலூர், கோத்தகிரி, கொடைக்கானல் என்று ஏறின. கொடைக்கானல் மலையில் மரம் வெட்டும் குத்தகைக்காரர்களிடம் முன்பணம் வாங்கிக் கொத்தடிமையாகக் கிடந்து, 1980களில் வழக்குப் போட்டு மீட்க வேண்டிவந்த சனத்தில் தாயகம் திரும்பியவர்கள் நிறைய. கங்காணி முன்பணத்தில் இருந்து குத்தகைக்காரன் முன்பணத்துக்கு. நடுவில் 5,000 ரூபாய் அரசாங்க முன்பணம்.

எங்கள் ஆட்கள் கோத்தகிரிப் பக்கம் வந்தார்கள். 1968இல் வனத்துறைத் திட்டமாகத் தொடங்கி, 1976இல் கழகமான அரசுத் தேயிலைத் தோட்டம், டான்டீ, தாயகம் திரும்பியோருக்காகவே உண்டானது. தாத்தா போய் வேலை கேட்டார். அட்டையை வாங்கிப் பார்த்துவிட்டு, "நீங்க ஏற்கெனவே வியாபாரக் கடன் வாங்கிட்டீங்களே, ஒரு குடும்பத்துக்கு ஒரு உதவிதான்" என்று திருப்பிக் கொடுத்துவிட்டார்கள். கவ்வாத்துக் கத்தி பிடித்துக் காய்த்துப்போன கையை நீட்டிக் காட்டினாராம். கை ஆவணம் இல்லையே. கடைசிவரைக்கும் தனியார் தோட்டத்தில் தினக்கூலி. டான்டீயில் வேலை கிடைத்தவர்கள் ஓரளவு தலைநிமிர்ந்தார்கள், அதை மறைக்க வேண்டாம். ஆனால் அந்தக் கழகமும் நஷ்டக் கணக்குக் காட்டி, 2022இல் இரண்டாயிரம் ஹெக்டேருக்கும் மேலான தேயிலை நிலத்தை வனத்துறைக்கே திருப்பித் தருவது என்று அரசு முடிவெடுத்தது. ஓய்வு பெற்றவர்கள் லயத்து வீட்டைக் காலி செய்ய வேண்டும் என்ற பிரச்சினை அங்கே இன்னொரு தலைமுறையாக ஓடுகிறது.

எனக்கு நேர்ந்ததைச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். பன்னிரண்டாம் வகுப்பு முடித்துக் கல்லூரிக்கு மனுப் போடச் சாதிச் சான்றிதழ் வேண்டும். அலுவலகத்தில் கேட்டார்கள்: "1950க்கு முந்தி உங்க குடும்பம் தமிழ்நாட்டுல இருந்ததுக்கு என்ன ஆதாரம்?" பட்டியல் சாதி பற்றிய ஜனாதிபதி ஆணை 1950 ஆகஸ்ட் 10. அன்றைக்கு என் குடும்பம் ஹட்டனில் கொழுந்து கிள்ளிக்கொண்டிருந்தது. குடும்ப அட்டையைக் காட்டினேன். எங்கள் அட்டையில் சாதி எழுதவில்லை. "சிலோன்காரங்களுக்கு சாதி போட முடியாதும்மா" என்றார் அந்த அதிகாரி. டீக்கடை பெஞ்சில் மூணே நாளில் தெரிந்த சாதி, அலுவலகத்தில் முப்பது வருஷம் ஆகியும் தெரியவில்லை. எட்டு மாசம் அலைந்தேன். அப்பா பள்ளிக்கூடப் பக்கமே போகாதவர். கடைசியில் கிடைத்தது அம்மாவின் பழைய மாற்றுச் சான்றிதழ். அந்தக் கிராமத்துப் பள்ளிக்கூடத்தில் அம்மா ஒரே ஒரு வருஷம் படித்தாள். சேர்க்கும்போது யாரும் கேட்காமலே தலைமையாசிரியர் தானாக எழுதி வைத்திருந்தார்: இந்து, பறையன். தெருவைப் பார்த்து எழுதியிருப்பார். அந்தக் காகிதத்தால்தான் நான் எம்.ஏ. தமிழ் படித்தேன்.

இப்போது என் வேலையில் பாதி இந்த மாதிரிக் காகிதங்கள் தேடுவதுதான். தோட்டங்களில் மட்டும் இல்லை, முகாம்களிலும். 1983க்குப் பிறகு தோணியில் வந்தவர்களைத் தமிழ்நாட்டில் எல்லாரும் ஈழத்து அகதிகள் என்று ஒரே பெயரில் சொல்லிவிடுகிறார்கள். 2021இல் 'மறுவாழ்வு முகாம்' என்று பெயர்ப்பலகை மாறியது. உள்ளே போய்ப் பேசினால், நிறையப் பேர் நம்ம மலையகத்துச் சனம். 1977 கலவரத்தில் அடிவாங்கித் தோட்டத்தை விட்டு வவுனியாப் பக்கம் காடு வெட்டிப் பிழைக்கப் போய், அங்கேயும் சண்டை வந்து கடல் தாண்டினவர்கள்.

ஒருவரைச் சொல்கிறேன். 1966இல் பிறந்தவர். அவருடைய அப்பா ஒப்பந்தப்படி மனுப் போட்டு இந்தியப் பாஸ்போர்ட் வாங்கியிருந்தார்; அதில் இரண்டு மகன்கள் பெயரும் உண்டு. 1982இல் அப்பாவும் மூத்த மகனும் முதலில் கப்பல் ஏறினார்கள். சின்னவர், நோயாளியாகக் கிடந்த அம்மாவைப் பார்த்துக்கொள்ள நின்றார். 1984இல் கப்பல் நின்றுபோனது. கையில் இந்தியப் பாஸ்போர்ட்டோடு இப்படி அங்கே சிக்கிக்கொண்டவர்கள் பல ஆயிரம் பேர். 1990இல் இவர் தோணியில் வந்து இறங்கினார். கப்பலில் வந்த அண்ணன் கூடலூரில் இந்தியக் குடிமகன். எல்லாத் தேர்தலிலும் ஓட்டுப் போடுகிறார். தோணியில் வந்த தம்பி, 2003இல் குடியுரிமைச் சட்டத்தில் செய்த திருத்தப்படி, சட்டவிரோதக் குடியேறி. அப்படிப்பட்டவர் குடியுரிமைக்கு மனுவே போட முடியாது. 2019 திருத்தம் பாகிஸ்தான், வங்கதேசம், ஆப்கானிஸ்தானில் இருந்து வந்தவர்களுக்கு வழி திறந்தது, இலங்கை அதில் இல்லை. அதே 2019 ஜூனில் மதுரை உயர்நீதிமன்றக் கிளை, மலையக வம்சாவளியினரின் வழக்கில், இவர்கள் இந்திய வம்சாவளி, இவர்கள் மனுவைப் பரிசீலிக்க வேண்டும் என்று சொன்னது. 2025இல் வந்த புதிய குடியேற்றச் சட்டத்தின் கீழ், 2015க்கு முன்னால் வந்து பதிவு செய்திருக்கிற இலங்கைத் தமிழர்களுக்குத் தண்டனையில் இருந்து விலக்கு கொடுத்தார்கள். ஜெயில் இல்லை, அவ்வளவுதான். குடியுரிமையும் இல்லை.

அந்தப் பக்கம் இலங்கை 2003இல் ஒரு சட்டம் போட்டு, 1964 அக்டோபர் 30 முதல் அங்கேயே இருந்த வம்சாவளியினருக்குக் குடியுரிமை கொடுத்தது. இந்திய முகாம்களில் இருப்பவர்களை அதில் சேர்க்க 2009 ஆனது. "அங்க போயி யாருகிட்ட இருக்கறது? லயம் இல்ல, காடு இல்ல. எம் புள்ளைக இங்கதானம்மா பொறந்துச்சுக" என்கிறார் இவர். மகன் பி.காம். முடித்துவிட்டுப் பெயிண்ட் அடிக்கிறான். அரசு வேலைக்கு எழுத முடியாது.

அவருக்காக மனுத் தயார் செய்தோம். அப்பாவின் பாஸ்போர்ட் கரையான் அரித்து நம்பர் பாதிதான் தெரிகிறது. அண்ணனின் குடும்ப அட்டையில் தம்பி பெயர் இருக்கிறது, வயசு இரண்டு வருஷம் வித்தியாசம். தோட்டத்துச் செக்ரோலில் அப்பா பெயர் கிடைக்குமா என்று ஹட்டனில் இருக்கிற ஒரு தோழருக்கு எழுதிக் கேட்டு, பிறப்புப் பதிவின் நகல் வந்து சேர்ந்தது. அது சிங்களத்தில் இருக்கிறது, மொழிபெயர்த்துச் சான்றொப்பம் வாங்கி வரச் சொன்னார்கள். வாங்கிக் கொடுத்தோம். மனுக் கொடுத்துப் பதினோரு மாசம் ஆகிறது. ரசீது என்னிடம் இருக்கிறது.